குலைநோயைத் தாங்கும் மரபணுக்கள்: கேட்டவையும் பதில்களும்

நெல்லின் பூஞ்சாண நோய் எதிர்ப்பு மரபணுக்கள் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் முக்கால்வாசி குலைநோயைப் பற்றியவை. அது நியாயம்தான். நெல்லில் மரபியல் ரீதியாக அதிகம் அலசப்பட்ட பூஞ்சாண நோய் அதுதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

"குலைநோயைத் தாங்கும் ரகம்" என்று சொல்லி விதை கொடுத்தார்கள். நாலு வருடம் பிரச்சினையே இல்லை. இந்த வருடம் கதிரின் கழுத்தில் கருத்து, கதிரெல்லாம் வெளுத்துப் பதராகிவிட்டது. விதையில் கலப்படம் இருக்குமா ஐயா?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது விதையை அல்ல, பூஞ்சாணத்தை. உங்கள் ரகம் அப்படியே இருக்க, நோய்க்கிருமி மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

செடியிலுள்ள எதிர்ப்பு மரபணு எல்லாக் குலைநோய்ப் பூஞ்சாணத்தையும் தடுப்பதில்லை. பூஞ்சாணம் உள்ளே அனுப்பும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டால்தான் செடி விழித்துக்கொள்ளும். செடியில் ஒரு மரபணு, அதற்கு எதிரே கிருமியில் ஒரு மரபணு. இந்த ஜோடிக் கணக்கை 1940-களில் ஆளிச்செடியின் துரு நோயில் கண்டு சொன்னவர் ஹெரால்டு ஃப்ளோர். நெல்லுக்கும் அது பொருந்துகிறது. ஜோடியில் ஒரு பக்கம் போனாலும் எதிர்ப்பு போச்சு.

பூஞ்சாணத்துக்கு அந்தப் பக்கத்தை இழப்பது பெரிய காரியமில்லை. உதாரணமாக, நெல்லின் பிஐ-டா மரபணு அடையாளம் காணும் பூஞ்சாண மரபணு, குரோமோசோமின் நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நுனிப் பகுதிகள் எளிதில் அறுந்துபோகும், மாறிப்போகும். அந்தத் துண்டு போன பூஞ்சாணம் செடியின் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நுழைந்துவிடும். ஊரெல்லாம் ஒரே ரகம் இருந்தால் அந்த ஒன்று பெருகிக் கோடியாகும். தென் கொரியாவில் 1970-களில் பரவலாகப் பயிரிட்ட டோங்கில் வகை நெல்லுக்கு இதுதான் நடந்தது. சில வருடம் குலைநோயே தெரியவில்லை. 1978-ல் பெரிய அளவில் அடி விழுந்தது.

ஆகவே "தாங்கும் ரகம்" என்பது பாதிச் செய்தி. எந்த மரபணு, எந்தப் பூஞ்சாண இனத்துக்கு எதிராக என்று தெரிந்தால்தான் செய்தி முழுமையாகும்.

எதிர்ப்பு ரகம் என்கிறார்கள், ஆனால் இலையில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. இது எப்படி எதிர்ப்பு ஆகும்?

புள்ளியின் எண்ணிக்கையைவிட வடிவத்தைப் பாருங்கள். ஒரு கைக்கண்ணாடி போதும். ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறம் இல்லை என்றால், அது எதிர்ப்பு வேலை செய்வதன் அடையாளம். பூஞ்சாணம் நுழைந்த செல்லும் அதைச் சுற்றியுள்ள சில செல்களும் தாமாகவே செத்து, அதைப் பட்டினி போட்டு நிறுத்தியிருக்கின்றன. இரு முனையும் கூராக, நடுவில் சாம்பல் படர்ந்து, ஓரம் பழுப்பாக, 3 மில்லிமீட்டருக்கு மேல் நீண்ட புள்ளி என்றால் அது வேறு கதை. அந்தச் சாம்பல் பகுதியில்தான் பூஞ்சாணத்தைப் பரப்பும் வித்துகள் உருவாகின்றன. 0 முதல் 9 வரையிலான மதிப்பெண் முறையில் முதல் வகைக்கு 1, இரண்டாவது வகை 4-ல் தொடங்குகிறது. பதிவேட்டில் வெறுமனே "புள்ளி உண்டு" என்று எழுதுபவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

நான் எம்.எஸ்சி. மாணவி. குலைநோயைத் தாங்கும் ரகத்தையும் தாங்காததையும் கலப்பு செய்தேன். அதன் இரண்டாம் தலைமுறையான எஃப்2-வில் 160 செடிகளில் 148 தாங்கின, 12 பாதிக்கப்பட்டன. 3:1 வரவில்லை. எங்கே தவறு?

தவறே இல்லை, நல்ல செய்திதான். ஒரே ஒரு ஓங்கு மரபணு (ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்வது) என்றால் 3:1, அதாவது 120-க்கு 40 வந்திருக்க வேண்டும். உங்கள் எண்ணிக்கை 15:1-க்கு, அதாவது 150-க்கு 10-க்கு, நெருக்கமாக இருக்கிறது. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள இடைவெளியை அளக்கும் கை-வர்க்க மதிப்பு சுமார் 0.43. இடைவெளி தற்செயல்தான் என்று ஏற்பதற்கான எல்லை 3.84. எனவே உங்கள் தாய் ரகத்தில் தனித்தனியாகப் பிரியும் இரண்டு ஓங்கு மரபணுக்கள் இருக்கின்றன, எது ஒன்று இருந்தாலும் செடி தப்பிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு செடியின் விதையையும் தனிக் குடும்பமாக அடுத்த தலைமுறையான எஃப்3-க்குக் கொண்டுபோங்கள். உங்கள் கருத்து சரியென்றால் முழுக்கத் தாங்குபவை, பிரிபவை, முழுக்கப் பாதிக்கப்படுபவை 7:8:1 என்று வரும். அப்புறம் முக்கியமான ஒன்று: இரண்டு தலைமுறையிலும் ஒரே ஒற்றை வித்திலிருந்து வளர்த்த பூஞ்சாணத்தையே தெளித்திருக்க வேண்டும். வயலில் தானாக வந்த நோயை வைத்துப் போட்ட கணக்கு என்றால் இந்த விகிதத்துக்கு அர்த்தமே இல்லை.

பிஐ-டாவில் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம் என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான். 12-ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணு 2000-ல் பிரித்தெடுக்கப்பட்டது. 928 அமினோ அமிலம் கொண்ட புரதம். 918-ஆம் இடத்தில் அலனின் இருந்தால் எதிர்ப்பு, செரின் இருந்தால் இல்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே பகுதியில் பி.டி.ஆர். என்று இன்னொரு மரபணு இருக்கிறது, அது இல்லாமல் பிஐ-டா வேலை செய்யாது என்று 2018-ல் தெரியவந்தது. மார்க்கரில் (மரபணு இருப்பதைக் காட்டும் டி.என்.ஏ. அடையாளத்தில்) பிஐ-டா இருக்கிறது, செடி ஏன் நோயில் விழுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதையும் சோதியுங்கள்.

நல்ல மரபணுக்கள் எல்லாவற்றையும் ஒரே ரகத்தில் சேர்த்துவிட்டால் என்ன?

அதுதான் எல்லோரின் கனவும். பல மரபணுக்களைச் சேர்த்தால் பூஞ்சாணம் ஒரே நேரத்தில் பல புரதங்களை மாற்ற வேண்டியிருக்கும். அது அரிது.

நடைமுறையில் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, இடம். பிஐ2, பிஐ9, பிஐ-இசட்-டி, பிஐ-ஜிஎம் எல்லாம் 6-ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தைச் சேர்ந்தவை. ஒரே நாற்காலியில் இருவர் உட்கார முடியாது. தூய ரகத்தில் இவற்றில் ஒன்றைத்தான் நிலைநிறுத்தலாம். சேர்க்க வேண்டியது வேறு குரோமோசோமிலிருந்து. 6-இல் பிஐ2, 11-இல் பிஐ54 என்ற ஜோடி அந்த வகையில் நன்றாக அமைந்தது. 2021-ல் இந்தியாவில் வெளியான பூசா பாஸ்மதி 1847, 1885, 1886 ரகங்களில் இந்த இரண்டும் இருக்கின்றன. கூடவே பாக்டீரியா இலைக்கருகலுக்கான இரண்டு மரபணுக்களும்.

இரண்டாவது தடை, கண்டுபிடிப்பது. ஒரு மரபணு செடியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால், இரண்டாவது உள்ளே இருக்கிறதா இல்லையா என்று செடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் டி.என்.ஏ. மார்க்கர் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

எதிர்ப்பு வந்தால் விளைச்சலோ ருசியோ குறையும் என்கிறார்களே?

சில சமயம் அது மரபணுவின் குற்றமே அல்ல, அக்கம்பக்கத்தின் குற்றம். ஜப்பானிய மேட்டுநிலை நெல்லில் உள்ள பிஐ21 நல்ல உதாரணம். இது ஒடுங்கு மரபணு (இரண்டு பிரதியும் இருந்தால்தான் வேலை செய்வது), பல இனங்களுக்கு எதிராக நீண்ட காலம் நிற்கும் எதிர்ப்பு. ஆனால் இதைக் கொண்டுவந்த ரகங்களில் சோறு ருசியில்லாமல் போனது. காரணம், மிக அருகில் ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு மரபணு. 2009-ல் வெளியான ஆய்வில் அவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். ருசியும் எதிர்ப்பும் சேர்ந்து நின்றன. "இந்த மூலத்திலிருந்து எடுத்தால் தரம் போகும்" என்று கைவிடப்பட்ட பழைய ரகங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

நிஜமாகவே விலை கேட்கும் மரபணுவும் உண்டு. பிஐ-ஜிஎம் தொகுதியில் ஒரு மரபணு எதிர்ப்பைத் தருகிறது, ஆனால் மணியின் எடையைக் குறைக்கிறது. பக்கத்திலுள்ள இன்னொன்று முக்கியமாக மகரந்தத்தில் இயங்கி, மணி பிடிப்பதைக் கூட்டி அந்த நஷ்டத்தை ஈடுகட்டுகிறது. 2017-ல் வந்த கண்டுபிடிப்பு இது.

இலையில் நோய் இல்லை, கழுத்தில் மட்டும் வருகிறது. ஒரே பூஞ்சாணம்தானே?

ஒரே பூஞ்சாணம்தான். ஆனால் இலையில் காட்டும் எதிர்ப்பைக் கழுத்திலும் அதே அளவு காட்டும் என்ற உத்தரவாதம் இல்லை. செடி வளர வளர வலுக்கும் பிபி1 என்ற மரபணு கதிரைக் காப்பதற்கென்றே பேர்போனது. நாற்றங்கால் சோதனையை மட்டும் வைத்து ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் இப்படிப்பட்டது கைநழுவிப் போகும்.

இலையுறைக் கருகலுக்கு ஒரு எதிர்ப்பு மரபணு சொல்லுங்கள்.

பிஐ9 போலத் தனியாகத் தடுத்து நிறுத்தும் மரபணு நெல்லில் கிடைக்கவில்லை. இந்த நோயைத் தரும் ரைசோக்டோனியா பல பயிர்களைத் தாக்கும், செல்களைக் கொன்று தின்னும் பூஞ்சாணம். செல் தற்கொலை செய்துகொண்டால் அதற்கு விருந்துதான். டெடெப், டெகிங், ஜாஸ்மின் 85 போன்ற ரகங்களில் பல சிறு மரபணுக்கள் சேர்ந்து பகுதி எதிர்ப்பு தருகின்றன. அதற்கு மேல் யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

சோதனைகளில் கோ 39 ரகத்தை ஏன் "எளிதில் விழும் ரகம்" என்று வைக்கிறார்கள்? அவ்வளவு மோசமா?

பாவம் கோ 39! கோயம்புத்தூரில் உருவான ரகம். குலைநோயின் பல இனங்களுக்கு அது விழுந்துவிடுவதால், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதையே பின்கலப்புக்கு (ஒரே ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பதற்கு) அடிப்படையாக எடுத்து, ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவையும் தனித்தனியாக அதற்குள் ஏற்றியது. பின்னணி ஒன்றே என்பதால், எந்த மரபணு எந்த இனத்தைத் தடுக்கிறது என்று தெளிவாகப் பார்க்க முடிந்தது. எத்தனையோ ஆய்வுகளுக்கு அந்த வரிசை அடித்தளம்.

ஆனால் கோ 39-க்குள்ளும் ஒரு எதிர்ப்பு மரபணு இருக்கிறது. 11-ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள ஆர்.ஜி.ஏ.4, ஆர்.ஜி.ஏ.5 என்ற இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு காட்டுப்புல்லைத் தாக்கும் குலைநோய்ப் பூஞ்சாணத்தில் இருக்கும் புரதத்தை இவை அடையாளம் காண்கின்றன. நெல்லைத் தாக்கும் பூஞ்சாணங்களில் பெரும்பாலானவற்றில் அந்தப் புரதமே இல்லை. அதனால்தான் வயலில் இந்த மரபணு இருப்பது வெளியே தெரியவில்லை.

மரபணு தெரியாத ரகம்தான் கையில் இருக்கிறது. இந்தப் பருவத்தில் என்ன செய்யலாம் ஐயா?

தழைச்சத்தை ஒரே மூச்சில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள், அது கூடினால் குலைநோய் கூடும். வயல் முழுக்க ஒரே ரகம் வேண்டாம். சீனாவின் யுன்னானில் குலைநோய்க்கு ஆளாகும் ஒட்டரிசி நெல்லை, தாங்கும் கலப்பின நெல் வரிசைகளுக்கு இடையே நட்டுப் பார்த்தார்கள். தனியாக நட்டதைவிட ஒட்டரிசியில் நோய் 94 சதவீதம் குறைந்தது என்று 2000-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். உங்களிடம் இரண்டு மூன்று ரகம் இருந்தால் வயல் வயலாக மாற்றி மாற்றிப் போடுங்கள், அடுத்த போகத்துக்கு விதை எடுக்கும்போது கழுத்து கருத்த கதிர் ஒன்றுகூட உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.