வரைபடமும் காம்பஸும் மட்டும் வைத்துக்கொண்டு ராணுவத்தினர் எப்படி வழி கண்டுபிடிக்கிறார்கள்? என்சிசி மாணவன் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

கல்லூரியில் என்சிசி 'சி' சான்றிதழ் வரை முடித்தவன் நான். இப்போதும் முகாம்களில் ஜூனியர்களுக்கு மேப் ரீடிங் சொல்லித் தருகிறேன். புதிதாக வரும் எல்லோருமே முதலில் காம்பஸைத்தான் கையில் எடுப்பார்கள். அதைக் கொஞ்ச நாள் பையிலேயே விட்டுவிடுங்கள். காம்பஸ் திசையைத்தான் காட்டும். நாம் எங்கே நிற்கிறோம் என்பதை நிலத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பயிற்சியில் பெரும்பாலும் 1:50,000 அளவையில் வரைந்த வரைபடத் தாள்தான் வரும். தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ.; தாளில் அச்சிட்டிருக்கும் சதுரக் கட்டம் (கிரிட்) ஒன்றின் பக்கமும் அதே அளவு. இடத்தைக் குறிக்கும் எண்ணான கிரிட் ரெஃபரன்ஸில் முதலில் இடமிருந்து வலம் (ஈஸ்டிங்), அப்புறம் கீழிருந்து மேல் (நார்த்திங்). நான்கு இலக்கம் கட்டத்தைக் காட்டும். ஆறு இலக்கம் அந்தக் கட்டத்துக்குள் 100 மீட்டர் சதுரத்தைக் காட்டும். இதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும்.

நாள் எடுக்க வேண்டியது, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளுக்கு. மத்திய அரசின் வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளில் பழுப்பு நிறத்தில், வழக்கமாக 20 மீட்டர் உயர இடைவெளியில் இருக்கும். நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சரிவு குறைவு. கோடு 'வி' மாதிரி வளைந்து அதன் முனை மேட்டுப் பக்கம் பார்த்தால் அது ஓடை இறங்கும் பள்ளம், ரீ-என்ட்ரன்ட். முனை பள்ளத்துப் பக்கம் பார்த்தால் மலையிலிருந்து நீண்டு இறங்கும் முகடு, ஸ்பர். கோட்டைப் பார்த்ததும் மலையின் உருவம் மனதில் எழ வேண்டும். அது வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றே சொல்வேன். சாலை மாறும், கட்டடம் இடியும். மலையின் வடிவம் அப்படியே இருக்கும்.

சரி, இப்போது காம்பஸை எடுக்கலாம். போக வேண்டிய திசையை வடக்கிலிருந்து வலச்சுற்றாக அளந்த கோணம்தான் பேரிங். வரைபடத்தில் ப்ரொடிராக்டர் (கோணமானி) வைத்து அதை அளப்பது கிரிட் வடக்கிலிருந்து, அதாவது தாளின் நெடுக்குக் கோடுகள் காட்டும் வடக்கிலிருந்து. ஊசி காட்டுவது காந்த வடக்கை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும், ஆண்டுக்கு அது எவ்வளவு மாறுகிறது என்பதும் தாளின் ஓரத்தில் இருக்கும். காந்த வடக்கு மேற்கே விலகியிருந்தால் கிரிட் பேரிங்கோடு கூட்டுங்கள், கிழக்கே விலகியிருந்தால் கழியுங்கள். தமிழ்நாட்டில் இந்த விலகல் மிகச் சிறியது என்பதால் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் 1 பாகை பிசகினால் 1 கி.மீ. தூரத்தில் சுமார் 17 மீட்டர் தள்ளிப் போவோம். அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் விலகலே ஏறக்குறைய 15 பாகை. அங்கே இதை விட்டுவிட்டால் 1 கி.மீ.க்குள் 260 மீட்டர் தள்ளி நிற்போம்.

இரும்பும் காம்பஸைக் குழப்பும். உயர் அழுத்த மின்கம்பி என்றால் குறைந்தது 55 மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்கிறது அமெரிக்க ராணுவக் கையேடு. தோளில் இருக்கும் துப்பாக்கிகூட அரை மீட்டருக்குள் இருக்கக் கூடாது.

தூரத்துக்குக் காலடிக் கணக்கு. சமதரையில் 100 மீட்டர் அளந்து, உங்களுக்கு எத்தனை காலடி ஆகிறது என்று பாருங்கள். ஏற்றத்திலும் இருட்டிலும் அடி சுருங்கும், எண்ணிக்கை கூடும். அதையும் தனியாக எழுதி வையுங்கள். இரவு நடையில் காம்பஸ் பார்ப்பவர் வேறு, அடி எண்ணுபவர் வேறு. வழியின் ஒவ்வொரு பகுதிக்கும் பேரிங், தூரம், வழியில் தென்பட வேண்டிய அடையாளம் மூன்றையும் பகலிலேயே அட்டவணையாக எழுதிக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த உத்தி ஒன்று உண்டு. ஓடையின் மேல் உள்ள ஒரு பாலத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேராகப் பாலத்துக்கே பேரிங் வைத்து நடந்து ஓடைக்கு வந்து பார்த்தால் பாலத்தைக் காணோம். இடப்பக்கம் போவதா, வலப்பக்கம் போவதா? தெரியாது. அதனால் வேண்டுமென்றே சில பாகை இடப்பக்கம் தள்ளிப் பேரிங் வைப்பார்கள். ஓடையைத் தொட்டதும் யோசிக்காமல் வலப்பக்கம் திரும்பலாம். காம்பஸிலும் காலடியிலும் பிசகு வரும் என்று முன்பே ஒத்துக்கொண்டு, அதையும் கணக்கில் சேர்த்துத் திட்டம் போடுவது. இந்தப் புத்திசாலித்தனம் எனக்கு இன்றும் வியப்புதான்.

இடம் தெரியாமல் போனால் நின்றுவிடுங்கள். வரைபடத்தில் உள்ள இரண்டு அடையாளங்களைத் தரையில் கண்டுபிடித்துப் பேரிங் எடுங்கள். இரண்டுக்கும் நடுவே கோணம் 90 பாகைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. அதைக் கிரிட் பேரிங்காக மாற்றி, 180-க்குக் குறைவாக இருந்தால் 180 கூட்டியும், அதிகமாக இருந்தால் கழித்தும் பேக் பேரிங் (எதிர்த்திசைக் கோணம்) கண்டுபிடியுங்கள். அந்த அடையாளங்களிலிருந்து கோடு போட்டால் வெட்டும் இடத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

பழகுவதற்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. சர்வே ஆஃப் இந்தியா பொதுமக்களுக்காக வெளியிடும் ஓப்பன் சீரீஸ் வரைபடங்களில் உங்கள் ஊர்த் தாளை அவர்களின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். மொட்டை மாடி மட்டும் வேண்டாம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஊசியை இழுக்கும். ஏரிக்கரையில் நின்று, தாளில் குறித்திருக்கும் கோயிலையும் ஒரு குன்றையும் வைத்துப் போட்டுப் பாருங்கள்.