சுவத்துல ஓதம் ஏறுனா முதல்ல பெயிண்டைத் தேடாதீங்க

வீடு ரிப்பேர் சம்பந்தமா வாசகர்கள் அனுப்புன கேள்விகளுக்கு, செட்டிநாட்டுப் பக்கம் 24 வருஷமா கொத்து வேலை, ஓட்டு வேலை, பிளம்பிங்னு எல்லாத்தையும் பாத்துட்டு வர்ற ஒரு மேஸ்திரி பதில் சொல்றார்.

எங்க வீடு கட்டி 90 வருஷம் ஆச்சு தம்பி. வளவை (உள் முற்றத்தை) ஒட்டுன ரூம்ல தரையில இருந்து மூணு அடி உயரத்துக்குப் பூச்சு உப்பி பொலபொலனு கொட்டுது. மூணு வருஷத்துல ரெண்டு தடவை சிமெண்ட் பூசி பெயிண்ட் அடிச்சாச்சு, மழை வந்தா திரும்பவும் அதே தான். என்ன பண்றது?
– ஒரு ஆச்சி, பள்ளத்தூர்

ஆச்சி, மூணாவது தடவை பூசுறதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம். உங்க சுவர் செங்கலும் சுண்ணாம்புச் சாந்துமா கட்டுனது. மேல பூசுனதும் சுண்ணாம்பு தான். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊற வச்சு கடுக்காய் தண்ணி கருப்பட்டி எல்லாம் சேத்து அரைச்சு ஒண்ணு மேல ஒண்ணா பல பூச்சு பூசி, கடைசிப் பூச்சுல முட்டை வெள்ளைக்கரு கலந்து கல்லால தேச்சு தேச்சு மெருகு ஏத்தியிருப்பாங்க, அதான் நல்லா இருக்குற இடத்துல இன்னைக்கும் கை வச்சா சில்லுனு வழுவழுனு இருக்கு. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், காத்து பட்டா விட்டுடும். அது மேல சிமெண்ட் பூசி ஆயில் பெயிண்டும் அடிச்சிட்டா ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே நிக்குது. தண்ணியோட வர்ற உப்பு பூச்சுக்குப் பின்னாடி பூத்துப் பூத்து அதைத் தள்ளுது. நீங்க பாக்குறது சிமெண்டைத் தான் தள்ளுதுன்னு, ஆனா சிமெண்ட் விழும்போது கூடவே பழைய செங்கலோட முகத்தையும் பிச்சுக்கிட்டு விழுது, அது தான் எனக்கு மனசு கேக்காத விஷயம்.

முதல்ல தண்ணி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும். ஒரு சதுர அடி பிளாஸ்டிக் கவரை அந்தச் சுவத்துல வச்சு நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. சுவர் பக்கம் வேர்த்திருந்தா ஈரம் சுவத்துக்குள்ள இருந்து வருது, ரூம் பக்கம் வேர்த்திருந்தா ரூம்ல காத்தோட்டம் இல்லைன்னு அர்த்தம். அடுத்து ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு, மோட்டார் போடாம, மேல டேங்க்ல தண்ணி நிக்குற இடத்துல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. காலையில தண்ணி கோட்டுக்குக் கீழ இறங்கியிருந்தா பைப் எங்கயோ கசியுது. கொத்தமங்கலத்துல ஒரு வீட்டுல இதே மாதிரி ஆறு வருஷம் பெயிண்டுக்கே செலவு பண்ணியிருந்தாங்க, நான் போய் சுவரைத் தட்டிப் பாத்தேன், விரல் முட்டியால தட்டுனா நல்ல பூச்சு கெட்டியா சத்தம் குடுக்கும், விட்டுப்போன பூச்சு டொக்குனு வெறும் பானை மாதிரி கேக்கும், அந்த டொக்கு சத்தத்தோட எல்லையைக் கரித்துண்டால வரைஞ்சுக்கிட்டே போனா அது நேரா பின்னாடி பாத்ரூம் பக்கம் போச்சு. பின்னாளில் சேத்த பாத்ரூம். பிரிச்சுப் பாத்தா ஜிஐ பைப்ல கடுகு அளவு ஒரு ஓட்டை, அவ்வளவு தான்.

உங்க வீட்டுல பைப் சரியா இருந்தா வாசல்ல போய் நின்னு பாருங்க. நம்ம வீடுங்க எல்லாம் உயரமான அடித்தளத்துல தான் கட்டுனது, ஆனா தெருவுல ரோடு மேல ரோடு போட்டுப் போட்டு எத்தனையோ வீட்டுல படியே மண்ணுக்குள்ள போயிருச்சு. மழைத்தண்ணி அப்ப சுவத்து ஓரமே நிக்கும். அந்த ஓரத்துல மண்ணை எடுத்து சரிவு குடுத்து தண்ணியை வெளிய விரட்டணும், முற்றத்துத் தூம்பு, அதாவது தண்ணி வெளிய போற வாய், அடைச்சிருக்கான்னும் பாத்துடுங்க.

காரணம் சரியான பிறகு சிமெண்ட் பூச்சு முழுசையும் மெதுவா கொத்தி எடுங்க, மெஷின் வச்சு அடிக்க விடாதீங்க. எடுத்த சுவரை அப்படியே சும்மா விடணும். நல்ல வெயில் காலம்னா கூட சில மாசம் ஆகும். உப்பு பூத்துச்சுன்னா காஞ்ச பிரஷ்ஷால தட்டி முறத்துல வாங்கி வெளிய கொட்டுங்க, தண்ணி ஊத்திக் கழுவுனா திரும்ப உள்ளயே போயிடும். நல்லாக் காஞ்ச பிறகு சுண்ணாம்புச் சாந்து பூச்சு, மேல சுண்ணாம்பு வெள்ளை. சுண்ணாம்பு காத்துல இருக்குற கரியமில வாயுவை வாங்கித் தான் இறுகும், அதுக்கு நாள் எடுக்கும், ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடைவெளி விடணும், ஒரே நாள்ல முடிச்சுத் தர்றேன்னு யாராச்சும் சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க ஆச்சி.

இன்னொண்ணு, அந்த ஈரச் சுவத்துல ஸ்விட்ச் போர்டு இருக்குதான்னு நீங்க எழுதல. இருந்தா இன்னைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த லைனை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. மரச்சட்டத்துல போட்ட பழைய ஒயரிங்ல மேல இருக்குற உறை பொடிஞ்சு போயிருக்கும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்குற ஸ்விட்ச், ஒண்ணு கட்டாயம் போடுங்க, எர்த்தும் சரியா இருக்கான்னு மீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க. இதைத் தள்ளிப் போடாதீங்க.

எங்க பூர்வீக வீட்டுக்குப் பதினோரு புள்ளி (குடும்பம்) பங்கு. ஓடு ஒழுகுது, யாரும் காசு தர மாட்டேங்குறாங்க. ஒழுகுற இடத்துல மட்டும் சிமெண்ட் பால் ஊத்துனா போதும்னு ஒருத்தர் சொல்றார், சரியா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

சரியில்ல அண்ணே. நாட்டு ஓடு வெயிலுக்கு விரியும், மழைக்குச் சுருங்கும், மரமும் கூடவே அசையும். சிமெண்ட் பால் அசையாது, அதனால ஒரு கோடையிலயே வெடிச்சிடும், அதுக்கப்புறம் ஓட்டைப் பிரிக்கணும்னாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உடைஞ்சு தான் வரும். அந்த ஓடு இப்ப புதுசா கிடைக்குறதும் கஷ்டம்.

கீழ சொட்டுற இடத்துக்கு நேர் மேல தான் ஓட்டைன்னு நினைச்சிடாதீங்க. தண்ணி ஓட்டுக்குள்ள இறங்கி, ஓட்டைத் தாங்குற சாய்வு மரமான கைமரத்து மேலயே ஓடி வந்து எங்க ஒரு முடிச்சோ ஆணியோ இருக்கோ அங்க சொட்டும். மழை பெய்யுறப்பவே டார்ச்சோட உள்ள போய் கைமரத்துல ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்து சாக்பீஸ்ல குறி வச்சுக்கங்க, காஞ்ச பிறகு அந்தக் குறியை வச்சு மேல ஏறலாம். என் அனுபவத்துல ஒழுகுற வீடுகள்ல ரொம்ப இடம் கூடல்வாய் தான், அதாவது முற்றத்து மூலையில ரெண்டு பக்கத்து ஓடும் சேர்ற பள்ளம். ரெண்டு கூரைத் தண்ணியும் அங்க தான் ஓடி வருது, இலையும் புறா கட்டுன கூட்டுக் குச்சியும் அங்க தான் அடைக்குது, கீழ போட்ட தகரம் துருப்பிடிச்சு சல்லடை ஆயிருக்கும். அகலமான புது தகடு, ரெண்டு ஓரமும் மேல் பக்கமா மடிச்சு விட்டது, அதைப் போட்டு ஓடுகளை மறுபடி அடுக்குனா பாதிக்குப் பாதி ஒழுகல் நின்னுடும். ஆனி ஆடியில இந்த வேலையை முடிச்சிடணும், ஐப்பசி அடைமழையில ஓடு பிரிச்சா வீட்டுக்குள்ள இருக்குறது எல்லாம் போச்சு. ஏறுறவர் ஓட்டு மேல நேரா மிதிக்காம பலகை போட்டு ஏறணும்.

பணத்துக்கு நான் பாத்த வரைக்கும் ஒரு வழி இருக்கு. படைப்புக்கு, அதாவது முன்னோரைக் கும்பிடுற நாளுக்கு, எல்லாப் பங்காளியும் ஊருக்கு வருவாங்கல்ல, அன்னைக்கு வாயால சொல்லாம போன மழையில எடுத்த வீடியோவைக் காட்டுங்க. கைமரத்தோட நுனி மக்கிப் போயிருந்தா அதை ஒரு ஸ்க்ரூ டிரைவரால குத்திக் காட்டுங்க, உள்ள போற ஆழத்தைப் பாத்தா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க. தரை, பெயிண்ட், பாத்ரூம் எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டு கூரைக்கு மட்டும் கேளுங்க. கைமரம் பர்மா தேக்கா இருந்தா அதுக்கு அவ்வளவு சீக்கிரம் எதுவும் ஆகாது, தண்ணி நிக்க விட்டா தான் அதுவும் போகும். அந்த மரத்தைத் திரும்ப வாங்கணும்னா கூரை ரிப்பேர் காசு எல்லாம் ஒண்ணுமே இல்ல.

ஆத்தங்குடி கல் (கையால செய்ற பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ்) போட்ட ஹாலை கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி ஆசிட் ஊத்திக் கழுவிட்டாங்க. பளபளப்பு போயி வெளிறிப் போச்சு. பாலிஷ் மெஷின் போடலாமா?
– ஒரு சகோதரி, தேவகோட்டை

மெஷின் போடாதீங்கம்மா. அந்தக் கல்லைச் சூளையில சுடுறதில்ல, அதனால மேல கிளேஸும் கிடையாது. கண்ணாடித் தட்டு மேல சட்டத்தை வச்சு, டிசைன் அச்சுக்குள்ள கலர் கலந்த சிமெண்டைக் கரண்டியால ஊத்தி, அச்சை எடுத்துட்டு மேல காஞ்ச மணல் சிமெண்ட், அப்புறம் ஈரக் கலவைனு போட்டு அழுத்தி, காஞ்ச பிறகு தண்ணியில ஊற வச்சு எடுப்பாங்க. கல்லுல இருக்குற பளபளப்பு அந்தக் கண்ணாடியோடது. கலர் இருக்குறது மேல சில மில்லிமீட்டர் தான், மெஷின் ஓட்டுனா பூவையே அழிச்சிடும். ஆசிட் சிமெண்டைத் தின்னும், அதான் வெளிறியிருக்கு.

இப்ப செய்ய வேண்டியது, நிறைய நல்ல தண்ணி விட்டு மூணு நாலு தடவை அலசி எடுத்து நல்லாக் காய விடுங்க. அப்புறம் சுத்தமான பருத்தித் துணியில தேங்காய் எண்ணெயை லேசாத் தொட்டுத் துடைச்சு, காஞ்ச துணியால மறுபடி தேய்ங்க, எண்ணெய் மேல நிக்கக் கூடாது, வழுக்கும். வாரம் ஒரு தடவை இப்படி செஞ்சுட்டு தினமும் வெறும் தண்ணியில மட்டும் துடைங்க. வீட்டுல ஆளுங்க நடக்க நடக்க கொஞ்சம் கொஞ்சமா மெருகு ஏறும், பழையபடி முழுசா வரும்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். ரொம்பக் குழி விழுந்த கல்லை மட்டும் மாத்துங்க. எலுமிச்சை, புளித்தண்ணி கொட்டுனாலும் உடனே துடைச்சிடணும், அதனால தான் சமையல்கட்டுல சிங்க் பக்கத்துல இந்தக் கல் வேண்டாம்னு கேக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்வேன்.

இனிமே போடப் போறவங்களுக்கு, பெயிண்ட், ஒயரிங், தச்சு வேலை எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியா இந்தக் கல்லைப் போடுங்க. கல் மேல சிந்துன சிமெண்ட் பாலை அப்பவே துடைச்சிருந்தா உங்க வீட்டுல ஆசிட்டுக்கே வேலை இருந்திருக்காது.

மழைக்காலத்துல நிலைக்கதவு இறுகிக்குது. இழைச்சு விடலாமா?
– ஒரு வாசகர், புதுவயல்

மழையில இழைக்காதீங்க. மரம் ஈரத்துக்கு உப்பியிருக்கு, இப்ப இழைச்சா பங்குனியில சந்து விட்டு பல்லி வர்ற அளவுக்கு இடைவெளி விழும். கீல்ல ஸ்க்ரூ லூசாகி கதவு தொங்குதான்னு முதல்ல பாருங்க, அதுவா இருந்தா முறுக்கி விட்டாலே சரியாகிடும். இல்லைன்னா உரசுற இடத்துல மெழுகுவர்த்தி தேய்ச்சு சமாளிச்சுட்டு கோடையில ஆசாரியைக் கூப்பிடுங்க.

காரைக்குடில 1980கள்ல கட்டுன கான்கிரீட் வீடு வாங்கியிருக்கோம். பெட்ரூம் சீலிங்ல சிமெண்ட் பாளமா விழுந்து கம்பி தெரியுது. பூசிட்டு ஃபால்ஸ் சீலிங் போட்டுடலாம்னு இருக்கோம்.
– ஒரு வாசகர், காரைக்குடி

ஃபால்ஸ் சீலிங் போடுறதை உடனே நிறுத்துங்க தம்பி, அது போட்டா மேல என்ன நடக்குதுன்னே தெரியாம போயிடும், ஒரு நாள் மொத்தமா இறங்கும். கம்பி துருப்பிடிச்சா பல மடங்கு உப்பும், அந்த உப்பல் தான் கான்கிரீட்டைக் கீழ தள்ளுது. இரும்பு அரிப்பைப் பத்தி ஆராய்ச்சி பண்ற சிக்ரி ஆய்வு நிலையம் 1953ல இருந்து நம்ம ஊர்லயே தான் இருக்கு, ஆனா நம்ம வீட்டு ஸ்லாப்ல கம்பிக்குக் கீழ கவர் பிளாக், அதாவது கம்பியைக் கொஞ்சம் தூக்கி நிறுத்துற சின்னக் கட்டை, வைக்கணும்னு பல பேருக்கு அப்ப தெரியல. குறைஞ்சது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் கம்பிக்கு மூடாப்பா இருக்கணும், பழைய ஸ்லாப்ல பல இடத்துல அதுல பாதி கூட இருக்காது.

பீம்ல விரிசல் இருந்தாலோ, ஸ்லாப் தொங்குன மாதிரி தெரிஞ்சாலோ என்னை மாதிரி மேஸ்திரி போதாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. ஸ்லாப்ல மட்டும்னா, கீழ முட்டு குடுத்துட்டு லூசா இருக்குறது எல்லாம் கொத்தி, கம்பியோட பின்பக்கமும் தெரியுற அளவுக்குத் திறந்து, ஒயர் பிரஷ்ஷால துரு போகத் தேய்ச்சு, ரொம்ப மெலிஞ்ச கம்பிக்குப் பக்கத்துல புதுக் கம்பி சேத்து, துரு தடுப்பு பூச்சு அடிச்சு, அப்புறம் பாலிமர் கலந்த சாந்து வச்சு மூடணும். இதெல்லாத்துக்கும் முன்னாடி மொட்டை மாடியில தண்ணி நிக்குற இடத்தைச் சரி பண்ணுங்க, மேல இருந்து ஈரம் வந்துட்டே இருந்தா இந்தச் செலவு முழுக்க வீண்.

நாள் கூலிக்கு விடுறதா, மொத்தமா காண்ட்ராக்ட் விடுறதா? போன தடவை அட்வான்ஸ் வாங்குனவர் திரும்ப வரவே இல்ல.
– ஒரு வாசகி, காரைக்குடி

கேக்கவே கஷ்டமா இருக்குங்க, நல்லா வேலை செய்றவங்களுக்கும் அதனால தான் கெட்ட பேர். எத்தனை சதுர அடின்னு அளந்து சொல்ல முடியுற வேலை, பெயிண்ட், டைல்ஸ் மாதிரி, காண்ட்ராக்ட் விடலாம். பழைய வீட்டைப் பிரிச்சாத் தான் தெரியும்ங்குற வேலைக்கு நாள் கூலி தான் ரெண்டு பேருக்கும் நியாயம், காண்ட்ராக்ட் பேசுனா உள்ள மக்குன மரத்தைப் பாத்தாலும் அப்படியே மூடிட்டுப் போகத் தான் தோணும். பொருளை நீங்களே வாங்குங்க, அட்வான்ஸை ஒரே தடவையா குடுக்காம வேலை ஒரு கட்டம் முடிய முடியக் குடுங்க, என்னென்ன செய்றோம்னு ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கங்க. சுவத்துக்குள்ள போற பைப்பையும் ஒயரையும் மூடுறதுக்கு முன்னாடி பக்கத்துல அளவு டேப்பை நீட்டி வச்சு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, நாளைக்கு ஒரு படம் மாட்ட ஆணி அடிக்குறப்ப அந்த போட்டோ தான் வேணும்.