மே மாதத்தில் பார்த்த வீட்டை ஜனவரியிலும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 58. பணி ஓய்வுக்குப் பின் வெளிநாட்டில், மிதமான தட்பவெப்பம் உள்ள ஓர் ஊரில் நிலையாகக் குடியேற எண்ணுகிறோம். மனைவிக்கு மூட்டுவலி இருப்பதால் குளிரைத் தவிர்க்க விரும்புகிறோம். ஸ்பெயின், மெக்சிகோ, தாய்லாந்து ஆகிய மூன்றையும் ஆண்டுச் சராசரி வெப்பநிலை, சதுர மீட்டர் விலை என்ற இரண்டு அளவுகளைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தோம். கடந்த மே மாதம் ஸ்பெயினின் வலென்சியா பகுதியில், கடலுக்கு அருகே, 1970களில் கட்டப்பட்ட அடுக்குமாடியின் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தோம். அக்கம்பக்கத்து வீடுகளைவிட விலை மிகக் குறைவு. மாத இறுதிக்குள் 10 விழுக்காடு முன்பணம் செலுத்துமாறு தரகர் வற்புறுத்துகிறார். செலுத்தலாமா?

பதில்: இந்த மாத இறுதிக்குள் செலுத்த வேண்டாம். அந்த வீடு மோசமானது என்று நான் கூறவில்லை. அதை மோசமானது என்றோ நல்லது என்றோ சொல்வதற்கு வேண்டிய விவரங்கள் எவையும் இன்னும் உங்கள் கையில் இல்லை என்பதே காரணம். தட்பவெப்பத்தை ஒரு பக்கமும் விலையை மறுபக்கமும் எழுதி ஒப்பிட்டதாகக் கூறுகிறீர்கள். இடம்பெயர விரும்புவோர் பலர் இவ்வாறுதான் தொடங்குகிறார்கள். ஆனால் அவை இரண்டும் ஒரே கணக்கின் இரு பகுதிகள். வீட்டின் விலையை ஒருமுறை கொடுத்துவிடுவீர்கள். அந்த ஊரின் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வெள்ளத்துக்கும் உரிய விலையை அங்கே வாழும் காலமெல்லாம் மின்கட்டணமாகவும் காப்பீடாகவும் பழுதுபார்ப்பாகவும் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். சந்தை விலை குறைவாக இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது விலை கூடுதலாக இருக்கும்.

முதலில் சராசரி வெப்பநிலையைப் பார்ப்போம். மாட்ரிட், சான் பிரான்சிஸ்கோ ஆகிய இரு நகரங்களின் ஆண்டுச் சராசரியும் ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸ்தான். ஆனால் மாட்ரிட்டில் ஜூலைப் பகல்கள் 32 டிகிரியைத் தாண்டுகின்றன, ஜனவரி இரவுகள் உறைநிலையை நெருங்குகின்றன. சான் பிரான்சிஸ்கோவிலோ ஆண்டு முழுவதும் ஒரே மெல்லிய குளிர்ச்சி நிலவுகிறது. ஆகவே ஆண்டுச் சராசரியை விட்டுவிட்டு, மிக வெப்பமான மாதத்தின் பகல் உச்சம், மிகக் குளிர்ந்த மாதத்தின் இரவு நிலை, பனிப்புள்ளி ஆகிய மூன்றையும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். பனிப்புள்ளி என்பது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. அது 24 டிகிரியை எட்டினால் வியர்வை உலராது, இரவிலும் ஏசி இல்லாமல் உறங்குவது கடினம். பாங்காக்கிலும் தாய்லாந்தின் தென்கடற்கரையிலும் ஆண்டின் பெரும்பகுதி அந்நிலையில்தான் கழிகிறது. எந்தப் புள்ளிவிவரத்தையும் உலக வானிலை அமைப்பு பின்பற்றும் 1991 முதல் 2020 வரையிலான முப்பதாண்டுக் காலத்துக்கே பாருங்கள். அதற்கு முந்தைய அட்டவணைகள் இன்று நீங்கள் வாழப்போகும் ஊரைக் காட்டமாட்டா. 1980களிலிருந்து ஐரோப்பா உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வருகிறது.

உங்கள் மனைவியின் மூட்டுவலி குறித்து ஒரு செய்தியைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது உங்கள் தேடலின் திசையையே மாற்றக்கூடும். பிரிட்டனில் நாள்பட்ட வலியுள்ள 2,600க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, காற்றின் ஈரப்பதம் கூடிய நாள்களிலும், காற்றழுத்தம் குறைந்த நாள்களிலும், பலத்த காற்று வீசிய நாள்களிலும் வலி ஓரளவு மிகுந்ததாகக் கண்டறிந்தது. வெப்பநிலைக்கும் வலிக்கும் அத்தகைய தெளிவான தொடர்பு அதில் தென்படவில்லை. ஒவ்வொருவர் உடலும் வேறு என்பதால் இதை மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆயினும் நீங்கள் தப்பிக்க வேண்டியது குளிரிலிருந்தா, ஈரத்திலிருந்தா என்பது தெரியாமல் ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கடற்கரையோரத் தரைத்தள வீடு, வெயில் நிறைந்த நாட்டில் இருந்தாலும், ஈரமான வீடாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

நீங்கள் மே மாதத்தில் பார்த்த வீடு ஜனவரியில் எப்படியிருக்கும் என்பது அடுத்த கேள்வி. வலென்சியாவில் ஜனவரிப் பகல் இதமாகவே இருக்கும், இரவில் 7 டிகிரி அளவுக்கு இறங்கும். வெளியே இது பெரிய குளிர் அன்று. ஆனால் ஸ்பெயினில் கட்டடங்களுக்கு வெப்பக் காப்பைக் கட்டாயமாக்கிய முதல் விதிகள் 1979இல்தான் வந்தன. அதற்கு முந்தைய கட்டடம் என்றால், இடையில் முறையாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தால் அன்றி, மெல்லிய சுவரும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் ஓடு பதித்த தரையும்தான் உங்களுக்குக் கிடைக்கும். அத்தகைய வீட்டில் குளிர்காலத்தில் உள்ளே நுழைந்தால் வெளியே இருந்ததைவிடக் குளிர்வதாகப் பலர் என்னிடம் கூறியிருக்கிறார்கள், நானும் அதை உணர்ந்திருக்கிறேன். தெற்கு ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்து ஏமாற்றமடைந்தவர்களின் முதல் முறையீடு ஊரின் குளிரைப் பற்றியது அன்று, வீட்டின் குளிரைப் பற்றியது. குளிர்ந்த சுவரில் ஈரம் படியும், ஈரம் படிந்த இடத்தில் பூஞ்சை வளரும். இதற்கு முன்னும் இதே தவற்றைக் கண்டிருக்கிறேன்: என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதியர் வசந்தத்தில் வாங்கிய கடற்கரை வீட்டில் முதல் குளிர்காலத்திலேயே அலமாரிகளின் பின்புறம் கறுத்துப்போனது. சுவருக்குக் காப்புப் பூசி, ஜன்னல்களை மாற்றி முடிப்பதற்குள், விலையில் மிச்சப்படுத்தியதாக நினைத்த தொகை கரைந்துவிட்டது.

இதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். ஸ்பெயினில் விற்பனைக்கோ வாடகைக்கோ வரும் வீட்டுக்கு ஏ முதல் ஜி வரை தரமிடும் ஆற்றல் சான்றிதழ் 2013 முதல் கட்டாயம். அதில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை கிலோவாட் மணி ஆற்றல் தேவை என்பது எழுதப்பட்டிருக்கும். 80 சதுர மீட்டர் வீட்டில் அந்த எண் 60ஆக இருப்பதற்கும் 200ஆக இருப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஆண்டுக்கு 11,200 கிலோவாட் மணி. இது கணித மதிப்பீடே, உண்மைச் செலவு உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. இருந்தாலும் இரு வீடுகளை ஒப்பிட இதைவிட நேர்மையான எண் வேறில்லை. தரகரிடம் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் செல்லும்போது ஈரப்பதமானி ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஜன்னல்கள் மூடிய அறையில் 60 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் பூஞ்சைக்கு இடமுண்டு. சுவரின் அடிப்பகுதியில் மட்டும் புதிய வண்ணம் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வரவேற்பறை தெற்கு நோக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வட அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் தாழ்ந்து தெற்கே செல்வதால், தெற்கு ஜன்னல் உள்ள வீடு இலவசமாகச் சூடாகிறது.

அடுத்தது வெள்ளம். இதில் தயக்கத்துக்கே இடமில்லை. 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா மாகாணத்தில் பெய்த மழையில், துரீஸ் என்ற இடத்தில் ஒரே நாளில் 770 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. 220க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும் இழப்பைச் சந்தித்த பைபோர்தா போன்ற ஊர்களில் அன்று மழை ஏறக்குறைய பெய்யவே இல்லை. மேட்டு நிலத்தில் பெய்த நீர், ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைகளின் வழியே வந்து அவ்வூர்களை மூழ்கடித்தது. கோடை முழுவதும் சூடேறிய மத்தியதரைக் கடலின் மேல் குளிர்ந்த உயர்காற்றுத் தொகுதி வந்து நிற்கும்போது இவ்வாறு கொட்டித் தீர்க்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை அதற்குரிய பருவம். நீங்கள் மே மாதத்தில் கண்ட காய்ந்த பள்ளம் ஒரு நீர்வழியாக இருக்கலாம். ஸ்பெயின் அரசு வெள்ள அபாய வரைபடங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது. வீட்டின் முகவரியை அதில் வைத்துப் பாருங்கள். தரைத்தள வீடு ஒன்று அபாய எல்லைக்குள் இருந்தால், விலை பாதியாக இருந்தாலும் உங்கள் வயதில் அதை வாங்குமாறு நான் சொல்லமாட்டேன். ஸ்பெயினில் வெள்ளம் போன்ற பேரிடர் இழப்பை ஓர் அரசு நிறுவனம் ஈடுசெய்கிறது என்பது உண்மை. ஆனால் நீங்கள் சாதாரண வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால்தான் அந்த ஈடு கிடைக்கும். காப்பீடே எடுக்காத வீட்டுக்கு அது பொருந்தாது.

பணக் கணக்கை இப்போது மாற்றி எழுதுவோம். ஒரு வீட்டின் விலை 100 அலகு, அதைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் காப்பீடு செய்யவும் பழுதுபார்க்கவும் ஆண்டுக்கு 5 அலகு ஆகிறது எனக் கொள்ளுங்கள். மற்றொரு வீட்டின் விலை 130, ஆண்டுச் செலவு 2. பத்தாம் ஆண்டில் இரண்டும் சமமாகிவிடும். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் விலை கூடிய வீடே மலிவு. விற்கும்போதும் அதற்கே வாங்குவோர் கிடைப்பார்கள். இதனுடன் வாங்கும் செலவைச் சேருங்கள். பழைய வீட்டை வாங்கும்போது செலுத்தும் சொத்துரிமை மாற்ற வரி மாட்ரிட் பிராந்தியத்தில் 6 விழுக்காடு, வேறு சில பிராந்தியங்களில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ ஆகும். நோட்டரி, பதிவு, வழக்கறிஞர் கட்டணங்கள் தனி. இரண்டே ஆண்டுகளில் மனம் மாறி விற்க நேர்ந்தால் இந்தத் தொகை முழுவதும் இழப்புதான்.

மற்ற இரு நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில், மொத்தப் பரப்பில் 49 விழுக்காட்டுக்கு மிகாத பங்கு மட்டுமே வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். தென்பகுதியின் புழுக்கத்துக்கு அஞ்சி வடக்கே சியாங் மாய் நகரைத் தேர்ந்தெடுப்போர், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களும் காடுகளும் எரியும் புகையில் மூச்சுத் திணறுவதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மெக்சிகோ உங்களுக்கு இதைவிடப் பொருத்தமாகத் தோன்றுகிறது, ஆனால் அதன் கடற்கரை அன்று. கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் வெளிநாட்டவர் நேரடியாக வீட்டு உரிமை பெற முடியாது, வங்கி ஒன்றின் அறக்கட்டளை வழியாகவே பெற முடியும். அதற்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு. 2023 அக்டோபரில் அகாபுல்கோவைத் தாக்கிய ஓடிஸ் சூறாவளி ஒரே நாளுக்குள் மிக உயர்ந்த ஐந்தாம் வகைக்கு வலுத்தது. உள்நாட்டு மேட்டுநிலத்திலோ இந்த இரு சிக்கல்களும் விலகுகின்றன. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறைவதால், 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சபாலா ஏரிக்கரை ஊர்களில் ஹீட்டரும் ஏசியும் இல்லாமலே பலர் வாழ்கிறார்கள். வீட்டு உரிமையையும் உங்கள் பெயரிலேயே பெறலாம்.

வீடு வாங்கினால் அங்கே வாழும் உரிமையும் கிடைக்கும் என்று எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும். சொத்து வாங்குவோருக்கு ஸ்பெயின் வழங்கிவந்த தங்க விசா 2025 ஏப்ரல் 3உடன் முடிவுக்கு வந்தது. போர்ச்சுகல் 2023லேயே சொத்து வழியை மூடிவிட்டது. ஸ்பெயினில் ஓய்வூதியம் போன்ற வருமானத்தைக் காட்டிப் பெறும் குடியிருப்பு விசா உண்டு, அதற்குத் தனியார் மருத்துவக் காப்பீடும் வேண்டும். முதலில் அதற்கு நீங்கள் தகுதி பெறுகிறீர்களா என்று பாருங்கள். தகுதி இல்லாத நிலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகன் அல்லாத ஒருவர் எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்கு மேல் தமது சொந்த வீட்டிலும் தங்க முடியாது.

அந்த 90 நாள்களை இந்த ஆண்டு வேறு விதமாகப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவரை அதே ஊரில், இயன்றால் அதே காலகட்டத்தில் கட்டப்பட்ட கட்டடத்தில், ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குங்கள். மின்கட்டணத்தை நீங்களே செலுத்துங்கள். உங்கள் மனைவி காலையில் எழும்போது வலி எப்படியிருக்கிறது என்பதை நாள்தோறும் குறித்துவைக்கட்டும். முடிந்தால் ஆகஸ்டில் இரண்டு வாரம் மீண்டும் செல்லுங்கள். தெற்கே சற்றுத் தள்ளி, மழை மிகக் குறைந்த அலிகாந்தே பகுதியையும் அதே பயணத்தில் பாருங்கள். உங்கள் தேவைக்கு வலென்சியாவைவிட அதுவே பொருந்தும் என்பது என் கணிப்பு.

இதற்கிடையே வேறொருவர் அந்த வீட்டை வாங்கிவிட்டால் வாங்கிக்கொள்ளட்டும். முன்பணத்தைப் பொறுத்தவரை, அங்கு வழக்கமான ஒப்பந்தத்தின்படி வாங்குபவர் பின்வாங்கினால் அத்தொகையை இழப்பார், விற்பவர் பின்வாங்கினால் இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். எனவே அது திரும்பப் பெறக்கூடிய அடையாளத் தொகை அன்று. குளிர்காலத்தைக் கண்ட பிறகும் அதே வீடு வேண்டும் என்று தோன்றி, அது அப்போதும் விற்பனையில் இருந்தால், தரகர் பரிந்துரைக்காத ஒரு வழக்கறிஞரை நீங்களே அமர்த்துங்கள். சொத்துப் பதிவகத்தின் உரிமை விவரப் படிவத்தை எடுத்து, அடமானம் ஏதும் இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். கட்டடச் சங்கத்துக்குப் பாக்கி இல்லை என்ற சான்றையும் அவர் பெற வேண்டும், ஏனெனில் நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் உரிய பாக்கிக்கு அந்த வீடே பொறுப்பாகும், அது புதிய உரிமையாளராகிய உங்கள் மேல் வந்துசேரும். இவை கைக்கு வந்த பிறகு, ஆற்றல் சான்றிதழையும் வெள்ள வரைபடத்தையும் உடன் வைத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள்.