பணியாரமும் காபியும்தான் ஐக்கியமா?

கே: ஆராதனை முடிந்ததும் வெள்ளைப் பணியாரம், காபி, அதற்கு 'ஐக்கிய நேரம்' என்று பெயர். பின்வரிசைப் பாட்டி மூன்று வாரமாக வரவில்லை, யாரும் கேட்கவுமில்லை. இதுவா ஐக்கியம்?
– காரைக்குடி வாசகி

ப: பணியாரத்தைக் குறை சொல்ல மாட்டேன், அதுவும் காரச் சட்னியோடு என்றால்! ஆனால் வேதாகமத்தில் 'ஐக்கியம்' என்பதற்கான மூலக் கிரேக்கச் சொல் 'கொய்னோனியா', அதாவது பங்குகொள்ளுதல். அப்போஸ்தலர் 2:42-ல் நம் பழைய மொழிபெயர்ப்பு அதை 'அந்நியோந்நியம்' என்கிறது. லூக்கா 5:10-ல் சீமோனோடு மீன் பிடித்த கூட்டாளிகளைச் சொல்வதும் அதே வேர்ச்சொல்தான், ரோமர் 15:26-ல் எருசலேம் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்துக்கும் அதே சொல்தான். நம் ஊர்க் கூட்டு வியாபாரம் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன், லாபத்தில் மட்டும் பங்கு கேட்க முடியுமா? சரி, நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? தூக்குச் சட்டியில் நாலு பணியாரம் எடுத்துக்கொண்டு இன்றைக்கே கிளம்புங்கள்.