பழைய நகரத்தின் நடுவில், கையைக் கடிக்காத ஹோட்டல்: கேள்வி பதில்

பழைய நகர மையங்களில் குறைந்த செலவில் தங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இந்த மாதிரிச் சின்ன ஹோட்டல்களின் ரிசப்ஷனில் வேலை பார்த்தவன் என்பதால், மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதும் கொஞ்சம் தெரியும்.

கேள்வி: கோட்டைச் சுவருக்குள்ளேயே ஒரு ஹோட்டல். சுற்றி இருப்பவற்றில் பாதி வாடகைதான். நம்பலாமா, ஏமாற்றா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை. ஆனால் காரணம் இல்லாமல் யாரும் பாதி விலைக்குக் கொடுக்க மாட்டார்கள். பழைய ஊர்களில் அந்தக் காரணம் அனேகமாகக் கட்டடத்திலேயே இருக்கும். லிஃப்ட் இருக்காது, ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் தெரியும், குளியலறை வெளியே நடையில் இருக்கும், இல்லையென்றால் கீழ்த்தளத்தில் மதுக்கடை இருக்கும். பாரம்பரியக் கட்டடமாகப் பாதுகாக்கப்பட்டது என்றால் முதலாளி ஆசைப்பட்டாலும் சுவரை உடைத்து லிஃப்ட் வைக்க எளிதில் அனுமதி கிடைக்காது. ஏசியின் வெளிப்பெட்டியை முகப்பில் மாட்டவும் விட மாட்டார்கள்.

அதனால் முதலில் அந்தக் காரணம் எது என்று கண்டுபிடியுங்கள். அது உங்களைத் தொந்தரவு செய்யாத காரணம் என்றால் லாபம் உங்களுக்குத்தான். இடி விழுந்தாலும் தூங்குகிறவருக்கு மதுக்கடை மேலுள்ள அறை நல்ல பேரம், முழங்கால் வலி இல்லாதவருக்கு நான்காவது மாடி நல்ல பேரம்.

விமர்சனங்களைப் படிக்கும்போது மொத்த மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். 'படி', 'சத்தம்', 'வெந்நீர்' போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். நீங்கள் போகும் மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் பாருங்கள். கோடையில் அறை அடுப்பாக இருக்குமா என்பது குளிர்காலத்தில் தங்கியவருக்குத் தெரியாது.

கேள்வி: அப்பா அம்மாவோடு போகிறோம். இரண்டு பேருக்கும் முழங்கால் பிரச்சினை. 'லிஃப்ட் உண்டு' என்று போட்டிருக்கும் ஹோட்டலாகப் பார்த்து எடுத்தால் போதும்தானே?

போதாது. லிஃப்ட் உண்டு என்பதற்கும் தெருவிலிருந்தே லிஃப்ட் உண்டு என்பதற்கும் நிறைய தூரம். பழைய கட்டடங்களில் தெருக்கதவைத் திறந்ததும் ஏழெட்டுப் படி ஏறித்தான் லிஃப்டையே தொட முடியும். சில இடங்களில் அது பாதித் தளங்களில் நிற்கும். அறைக்குப் போக அங்கிருந்து மறுபடி ஏறவோ இறங்கவோ வேண்டும். மாடிப்படிக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தில் பிற்காலத்தில் செருகிய லிஃப்ட் என்றால் இரண்டு பேர் நிற்கலாம், பெட்டி தனியாக வர வேண்டும்.

மாடி எண்ணையும் கவனியுங்கள். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் 'முதல் மாடி' என்றால் தரைத்தளத்துக்கு மேலே. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தரைத்தளமே முதல் மாடி. ஐரோப்பாவின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் இடையில் ஒரு இடைத்தளம் கணக்கில் வராமல் ஒளிந்திருப்பதும் உண்டு.

ஹோட்டலுக்கு ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: "தெருவிலிருந்து அறைக் கதவு வரைக்கும், லிஃப்டைப் பயன்படுத்தினாலும், மொத்தம் எத்தனை படி?" எண்ணாகப் பதில் வந்தால் நம்பலாம். "கொஞ்சம்தான், கவலை வேண்டாம்" என்று வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கட்டடத்துக்கு வெளியேயும் படிகள் இருக்கின்றன. வெனிஸில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள் உண்டு, பெரும்பாலானவற்றில் ஏறி இறங்க வேண்டும். லிஸ்பனின் அல்ஃபாமா பகுதி முழுக்கச் சரிவும் படிக்கட்டும். வரைபடத்தில் 300 மீட்டர் என்று காட்டுவது அங்கே வேறு 300 மீட்டர். பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் பழைய மையத்தின் விளிம்பில், டாக்ஸி வாசல் வரை வரும் தெருவில் எடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், சண்டையும் குறையும்.

கேள்வி: எனக்குச் சின்னச் சத்தத்திலும் தூக்கம் போய்விடும். 'அமைதியான அறை' என்று கேட்டால் கொடுப்பார்களா?

'அமைதியான அறை' என்று எல்லோரும்தான் கேட்கிறார்கள். அதனால் அந்தச் சொல்லுக்கு ரிசப்ஷனில் மதிப்பே கிடையாது. "தெருப்பக்கம் வேண்டாம், உள்முற்றத்தைப் பார்த்த அறை, இரண்டாவது மாடிக்கு மேல்" என்று எழுதினால் அறை ஒதுக்குகிறவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது.

வாகனம் வராத தெரு என்றால் அமைதி என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் மேசை நாற்காலி போட்டு நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருப்பார்கள். பல ஊர்களில் சரக்கு வண்டிகளை அந்தத் தெருக்களுக்குள் காலை நேரத்தில் மட்டும்தான் விடுவார்கள். ஆக, இரவு பேச்சு ஓய்ந்த சில மணி நேரத்தில் இரும்புக் கதவைத் தூக்கும் சத்தம், கருங்கல் தரையில் தள்ளுவண்டி, காலி பாட்டில்களைக் கொட்டும் ஓசை. தேவாலய மணி வேறு. சில ஊர்களில் மணிகள் இரவு முழுக்கக் கால்மணிக்கு ஒருமுறை அடிக்கும், சில ஊர்களில் இரவில் நிறுத்திவிடுவார்கள். தேவாலயச் சதுக்கத்தைப் பார்த்த அறையை எடுப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, முகப்பை மாற்றக்கூடாது என்ற விதியால் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலே இன்னும் இருக்கும் இடங்கள் நிறைய. இரட்டைக் கண்ணாடி இருக்கிறதா, ஏசி இருக்கிறதா என்ற இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஏசி இல்லாத அறையில் கோடை இரவு ஜன்னலைத் திறந்துதான் ஆக வேண்டும்.

முற்றத்து அறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வெளிச்சம் வராது. சில இடங்களில் 'முற்றம்' என்பது காற்று வருவதற்காக விட்ட குழாய் மாதிரியான இடுக்குத்தான். தூங்க மட்டும் அறைக்கு வருகிறவர்களுக்கு அது போதும். பகலில் அறையில் உட்கார்ந்து படிக்கும் ஆளுக்கு ஒத்துவராது.

கேள்வி: வாடகைக் காரில் இத்தாலி சுற்றுகிறோம். ஃப்ளோரன்ஸில் பழைய நகரத்துக்குள் ஹோட்டல். கூகுள் காட்டும் வழியில் வாசலுக்கே ஓட்டிப் போய்விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஃப்ளோரன்ஸ், ரோம் உட்பட இத்தாலியின் பல ஊர்களில் பழைய மையத்தைக் கட்டுப்படுத்தப்பட்ட வாகனப் பகுதியாக வைத்திருக்கிறார்கள். நுழைவில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை இருக்கும். தடுப்புக் கம்பமோ காவலரோ இருக்க மாட்டார். ஒரு கேமரா உங்கள் எண் தகட்டைப் படம் எடுக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருப்பவருக்கு 360 நாள் வரை அவகாசம் எடுத்து நோட்டீஸ் அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. பயணத்தை மறந்துபோன காலத்தில் கடிதம் வரும். உங்கள் முகவரியைக் கொடுத்ததற்கு என்று கார் நிறுவனம் தனியாக ஒரு தொகையை எடுத்திருக்கும்.

ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால், விருந்தினரின் வண்டி எண்ணை நகராட்சியில் பதிவு செய்ய வழி இருக்கிறதா, பெட்டியை இறக்க மட்டுமா, எந்தப் பாதையில் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஃப்ளோரன்ஸ் வந்ததும் காரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நடந்தே சுற்றும் ஊர் அது.

கேள்வி: முழுத் தொகையும் கட்டி முன்பதிவு செய்த பிறகும் ஹோட்டலில் தனியாகப் பணம் கேட்கிறார்களாமே?

அது அனேகமாக நகர வரி. ஹோட்டல் தன் இஷ்டத்துக்குக் கேட்பது இல்லை. இத்தாலிய நகரங்களில் பொதுவாக ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கு, குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையில் 12.5 சதவீதம். ஆளுக்கு என்று வாங்கும் ஊரில் நான்கு பேர் குடும்பத்துக்கு மலிவான அறையிலும் இது கணிசமாக ஏறிவிடும். முன்பதிவுப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'நேரில் செலுத்த வேண்டியது' என்று போட்டிருப்பார்கள். அதையும் கூட்டிய பிறகு இரண்டு ஹோட்டல்களை ஒப்பிடுங்கள். சில இடங்களில் ரொக்கமாகத்தான் வாங்குவார்கள்.

கார்டில் கட்டும்போது இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்திலா, அந்த ஊர்ப் பணத்திலா என்று கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இன்னொன்றில் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும்.

கேள்வி: வெனிஸில் தீவுக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கினால் என்ன?

தங்கலாம். மெஸ்த்ரேயிலிருந்து தீவிலுள்ள சாந்தா லூச்சியா நிலையத்துக்கு ரயிலில் சுமார் பத்து நிமிடம். வெனிஸுக்குப் பகல் மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மெஸ்த்ரேயும் அதே நகராட்சிதான் என்பதால் அங்கே இரவு தங்குகிறவருக்கும் விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கை இணையத்தில் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

ஆனாலும் என் கருத்து வேறு. வெனிஸின் நல்ல நேரம் காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஒன்பதுக்குப் பிறகும்தான், பகல் கூட்டம் வருவதற்கு முன்னும் போன பின்னும். அந்த நேரத்தில் நீங்கள் ரயில் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். மூன்று இரவு மெஸ்த்ரேயில் தங்குவதற்குப் பதிலாக, ஒரே ஒரு இரவு உள்ளே எடுத்துத் தங்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போங்கள் என்பேன். மற்ற ஊர்களுக்கு இது பொருந்தாது. டிராம், மெட்ரோ நள்ளிரவு வரை ஓடும் பெரிய நகரங்களில் மையத்துக்கு வெளியே மூன்று நான்கு நிறுத்தம் தள்ளி எடுப்பதுதான் புத்திசாலித்தனம். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'பிரைவேட் பாத்ரூம்' என்றால் அறைக்குள்ளேயே இருக்குமா?

இருக்கலாம், நடையில் பூட்டு போட்டு உங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியும் இருக்கலாம். அறைக்குள் வேண்டும் என்றால் 'என்சூட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அறையின் பரப்பையும் பாருங்கள். இரண்டு பேர், இரண்டு பெரிய பெட்டி என்றால் 12 சதுர மீட்டரில் ஒருவர் நடக்க இன்னொருவர் கட்டிலில் ஏற வேண்டியிருக்கும்.

கேள்வி: தனியாகப் போகும் பெண் நான். விமானம் தரையிறங்கவே இரவு பதினொன்று ஆகிவிடும். என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் ரிசப்ஷன் எத்தனை மணி வரை என்று பாருங்கள். பழைய மையத்தில் பல சின்ன ஹோட்டல்கள் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் ஏதோ ஒரு மாடியில் மட்டும் இயங்கும். இரவு எட்டுக்கு ஆள் போய்விடுவார், கதவு எண்ணை உங்கள் கைபேசிக்கு அனுப்பிவிடுவார்கள். தெருக்கதவுக்கு ஒரு எண், மாடிக் கதவுக்கு ஒன்று, சாவிப் பெட்டிக்கு ஒன்று. இருட்டுச் சந்தில் பெட்டியோடு நின்று அதை முயன்று பார்ப்பது யாருக்கும் பிடிக்காது. முதல் இரவுக்கு மட்டும் 24 மணி நேரமும் ஆள் இருக்கும் இடத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே எடுத்துவிட்டு, மறுநாள் பகலில் பழைய நகரத்துக்கு மாறுங்கள். அப்படி வேண்டாம் என்றால் டாக்ஸி வாசல் வரை வருமா என்று கேளுங்கள். வராது என்றால் அது இறக்கிவிடும் இடத்திலிருந்து வாசல் வரை கூகுள் தெருக்காட்சியில் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

மொராக்கோவின் ஃபெஸ் மாதிரி ஊர் என்றால் இதெல்லாம் இன்னும் முக்கியம். அங்கே மதீனா என்ற பழைய நகருக்குள் கார் நுழையவே முடியாது, சந்துகளில் வரைபடமும் தடுமாறும். ரியாத் எனப்படும் முற்றவீட்டு விடுதிகள் நகர வாயிலுக்கு ஆள் அனுப்பி அழைத்துப் போகும். அதை முன்கூட்டியே பேசி, எந்த வாயில் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: முன்பதிவு இணையத்தளத்தில் எடுப்பதா, நேராக ஹோட்டலிடமா?

இரண்டிலும் விலை பாருங்கள். முன்பெல்லாம் தளத்தில் இருப்பதைவிடக் குறைத்துச் ஹோட்டல் தன் சொந்தப் பக்கத்தில் போடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே கட்டிப்போட்டிருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் வந்த பிறகு, புக்கிங் டாட் காம் 2024இல் அங்கே அந்த நிபந்தனையை விட்டுவிட்டது. அதனால் நேராக ஹோட்டலிடம் எடுத்தால் குறைவாகக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. விலை ஒன்றே என்றாலும், ஒதுக்கும்போது நேராக எழுதியவருக்குத்தான் நல்ல அறை போகும். ரிசப்ஷனில் நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஏனென்றால் தளத்துக்குக் கமிஷன் போகவில்லை. திட்டம் மாறக்கூடும் என்றால் மட்டும், ரத்து செய்ய எளிதான இடத்தில் எடுங்கள்.

கேள்வி: அக்டோபர் நடுவில் ரோம். அறையில் ஹீட்டர் போடுவார்களா?

உறுதி சொல்ல முடியாது. இத்தாலியில் கட்டடங்களின் மத்திய வெப்பமூட்டலுக்குச் சட்டப்படி நாட்காட்டி உண்டு. மிலான், வெனிஸ் பகுதிக்கு அக்டோபர் 15 முதல், ரோம், ஃப்ளோரன்ஸுக்கு நவம்பர் 1 முதல். குளிர் முன்னதாக வந்தால் நகராட்சி தேதியை மாற்றலாம். ஹோட்டல் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் பொதுக் கொதிகலனை நம்பியிருந்தால் அந்தத் தேதி வரை காத்திருக்க வேண்டியதுதான். சுவரில் தனி ஏசி இருந்தால் பெரும்பாலும் அதிலேயே சூடும் வரும். ஒரு கனமான போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலை பத்துக்கு அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள், எங்கள் ரயில் இரவு எட்டுக்கு. பெட்டிகளை என்ன செய்வது?

அனேகமாக எல்லா ஹோட்டலும் வைத்துக்கொள்ளும், சிலர் கட்டணம் கேட்பார்கள். மாலையில் ரிசப்ஷனில் ஆள் இருப்பாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் இருக்க மாட்டார் என்றால் காலையிலேயே பெட்டிகளை நிலையத்துப் பெட்டகத்தில் போட்டுவிடுங்கள். எப்படியும் கருங்கல் தெருவில் ஒரு முறை இழுத்தாக வேண்டும், வெயிலுக்கு முன் இழுப்பது நல்லது.