உரிமம் வேண்டாம் என்றால் தடையே இல்லை என்று பொருளா? – கைத்துப்பாக்கிச் சட்டங்கள் குறித்த கேள்வி பதில்

டெக்சஸில் கைத்துப்பாக்கி உரிமத்துக்கான வகுப்புகளை நடத்தி வருகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். வழக்கில் சிக்கியவர்கள் வழக்கறிஞரிடம் செல்லவும்.

ஹூஸ்டன்: டெக்சஸில் உரிமமே தேவையில்லை எனும்போது உங்கள் வகுப்பு எதற்கு?

21 வயது நிரம்பிய, சட்டத்தால் தடைசெய்யப்படாத ஒருவர் 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே உரிமமின்றிக் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அதன்பின் புளோரிடா 2023-இலும் தென் கரோலினா, லூசியானா ஆகியவை 2024-இலும் இவ்வழிக்கு வர, இத்தகைய மாநிலங்கள் 29 ஆயின. ஆயினும் உரிமம் வேண்டாம் என்பதும் தடை இல்லை என்பதும் ஒன்றல்ல. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அப்பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு அதில் விலக்கு உண்டு. நகரத்தில் பள்ளியைக் கடக்காமல் எத்தனை தெருக்களில் போக முடியும் என்று வரைபடத்தை விரித்துப் பார்த்தால், உரிமத்துக்கான 40 டாலர் கட்டணம் பெரிதாகத் தோன்றாது.

நியூயார்க்: நீதிமன்றம் எங்கள் சட்டத்தை நீக்கிய பின்பும் ஏன் இத்தனை கெடுபிடி?

2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் புரூவன் வழக்கில், 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில், ‘தகுந்த காரணம்’ காட்டினால்தான் உரிமம் என்ற விதியை மட்டுமே நீக்கியது. உரிம முறையை அது தொடவில்லை. அந்த இடைவெளியில்தான் நியூயார்க் அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் 16 மணி நேர வகுப்பையும் 2 மணி நேரச் சுடுபயிற்சியையும் கட்டாயமாக்கி, டைம்ஸ் சதுக்கம் உள்ளிட்ட பல இடங்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. உரிமம் தரும் அதிகாரியின் மனப்போக்கு முன்பு செய்த வேலையை இன்று இடப்பட்டியல் செய்கிறது என்பது என் கருத்து.

டாலஸ்: எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. குடியேற்றமல்லாத விசாவில் இருப்போர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. மாநிலம் உரிமத்தை நீக்கியதால் அந்தத் தடை நீங்கிவிடாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இத்தடை இல்லை.

ஆஸ்டின்: நீங்கள் சொல்வது தவறு. வேட்டை உரிமம் இருந்தால் எச்1பி உள்ளவரும் வைத்திருக்கலாம்.

விதிவிலக்கு இருப்பது உண்மை; மேலே நான் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆஸ்டின்: அப்படியானால் வேட்டை உரிமத்தை வாங்கிக்கொண்டு இடுப்பில் செருகிச் செல்ல என்ன தடை?

அந்த விதிவிலக்கு, உங்கள் வேட்டை உரிமம் காலாவதியாகும் நள்ளிரவில் தானும் முடிந்துவிடுகிறது. புதுப்பிக்க மறந்தவர் மறுநாள் காலையில் பெருங்குற்றம் செய்தவராகிறார். 2022-இல் திருத்தப்பட்ட சட்டப்படி அதற்கான உச்சத் தண்டனை 15 ஆண்டுகள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்ட வெளிநாட்டவரை நாடுகடத்தவும் சட்டத்தில் இடமுண்டு. மான் வேட்டைக்கென்று அமைந்த கதவின் வழியாகக் கடைத்தெருவுக்குச் செல்ல விரும்புவோர், முதலில் குடியேற்ற வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும்.

ஆஸ்டின்: ஆனால் சட்டம் அனுமதிக்கிறதே!

அனுமதிக்கிறது. அதனால்தான் வழக்கறிஞரிடம் அனுப்புகிறேன்.

சான் அன்டோனியோ: எச்4 விசாவில் இருக்கும் மனைவிக்கு?

டாலஸ் நண்பருக்குச் சொன்னதே.

பிளேனோ: எஃப்1 மாணவருக்கு?

அதுவும் அதே பதில்தான். கேட்பதற்கு முன் மேலே உள்ளவற்றைப் படித்துவிடுங்கள்.

ஹூஸ்டன்: டெக்சஸ் உரிமத்தோடு காரில் நியூஜெர்சிக்குப் போகலாமா?

நியூஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. அங்கே அனுமதியின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருந்தால், குறைந்தது 42 மாதங்கள் பரோலுக்கு வழியில்லாத சிறை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வேறு மாநிலத்துக்குக் கடந்து செல்பவரை 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் காக்கிறது. ஆனால் புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி சட்டபூர்வமானதாக இருக்க வேண்டும், குண்டு நீக்கப்பட்டு, கைக்கெட்டாதபடி டிக்கியில் கிடக்க வேண்டும். நியூஜெர்சியே உங்கள் சேருமிடம் என்றால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

ஃபோர்ட் வொர்த்: மதுக்கடைக்குள்?

வாசலில் சிவப்பு நிறத்தில் 51% என்ற பலகை (வருமானத்தில் 51 விழுக்காடோ அதற்கு மேலோ அங்கேயே அருந்தும் மதுவிலிருந்து வருகிறது என்று பொருள்) இருந்தால் கூடாது. உரிமம் வேண்டாம் என்பதும் தடை இல்லை என்பதும் ஒன்றல்ல.

இர்விங்: எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

கடையில் கேளுங்கள்.

ரிச்சர்ட்சன்: எச்1பி உள்ளவர்...

மேலே பார்க்கவும்.