ட்ரோனும் தரைநிலையமும்: இணைப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பறக்கும்போது லேப்டாப் அணைந்துவிட்டால் ட்ரோன் விழுந்துவிடுமா, சார்?

விழாது. சாயாமல், ஆடாமல் நிற்பது முழுக்க ட்ரோனுக்குள் இருக்கும் ஃப்ளைட் கன்ட்ரோலர் என்ற சிறு கணினியின் பொறுப்பு. அதில் ஓடும் ஆர்டுபைலட் காப்டர் மென்பொருளில் அந்தக் கணக்கு நொடிக்கு 400 முறை ஓடுகிறது. அந்த வேகத்துக்கு, ட்ரோனையும் லேப்டாப்பையும் இணைக்கும் டெலிமெட்ரி ரேடியோ ஈடுகொடுக்காது. பயணப் பாதையும் ஏற்றி முடித்ததுமே கன்ட்ரோலரின் நினைவகத்துக்குப் போய்விடும். தரைநிலையத்தின், அதாவது லேப்டாப்பும் அதிலுள்ள மென்பொருளும் சேர்ந்ததன், வேலை நிலவரம் காட்டுவது, கட்டளை அனுப்புவது, அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் இணைப்பு அறுந்தது ட்ரோனுக்கு எப்படித் தெரியும்?

ட்ரோனும் தரைநிலையமும் பேசிக்கொள்ளும் மாவ்லிங்க் நெறிமுறையில் 'ஹார்ட்பீட்' என்றொரு சின்னச் செய்தி உண்டு. இரண்டாம் பதிப்பில் மொத்தமே 21 பைட். இரு பக்கமும் இதை நொடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கும். தரையிலிருந்து வருவது நின்று 5 நொடி ஆனால், ஆர்டுபைலட்டின் இயல்பு அமைப்பில் இணைப்பு போனதாகக் கணக்கு.

இதை நம்பிப் பறக்கும் முன் சில இடங்களைப் பாருங்கள். ட்ரோனின் அமைப்புகளில் 'எஃப்எஸ் ஜிசிஎஸ் எனேபிள்' (FS_GCS_ENABLE) 0 என்று இருந்தால் இந்தப் பாதுகாப்பே அணைந்திருக்கிறது. 1 என்றால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். தரைநிலையத்தின் அடையாள எண் வழக்கமாக 255. அதை மென்பொருளில் மாற்றிவிட்டு ட்ரோனில் மாற்றாவிட்டால், உங்கள் ஹார்ட்பீட்டை அது கணக்கிலேயே எடுக்காது. ஒருமுறைகூட தரைநிலையத்தோடு பேசாமல் கிளம்பிய ட்ரோனுக்கும் இந்த எச்சரிக்கை வேலை செய்யாது. திரும்பும் உயரத்தையும் மறக்க வேண்டாம்: இயல்பாக 15 மீட்டர். வழியில் 20 மீட்டர் மரம் நின்றால் பாதுகாப்பு ஏற்பாடே மோத வைத்துவிடும்.

கையில் பிடிக்கும் ரிமோட்டின் இணைப்பு வேறு, இது வேறு. இரண்டுக்கும் தனித்தனியாக அமைக்க வேண்டும்.

கேள்வி: ரேடியோவில் பச்சை விளக்கு நிலையாக எரிகிறது. லேப்டாப்பில் மிஷன் பிளானர் என்ற தரைநிலைய மென்பொருளில் எதுவும் வரவில்லை.

சிக் (SiK) வகை டெலிமெட்ரி ரேடியோவில் பச்சை நிலையாக எரிந்தால் இரண்டு ரேடியோவும் கைகோத்துவிட்டன. அதைத் தாண்டித்தான் தேட வேண்டும். ட்ரோன் பக்க ரேடியோவின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது துடிக்கவில்லை என்றால் கன்ட்ரோலரிலிருந்து தரவு வரவில்லை. ரேடியோ, கன்ட்ரோலர் இரண்டில் ஒன்றின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை) மற்றதன் ஆர்எக்ஸுக்கு (பெறும் முனை) போக வேண்டும். டிஎக்ஸை டிஎக்ஸுக்கே இணைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. டெலிமெட்ரி 1 போர்ட்டில் 'சீரியல் 1 புரோட்டோகால்' 2 (மாவ்லிங்க் இரண்டாம் பதிப்பு), 'சீரியல் 1 பாட்' 57 (57600 வேகம்) என இருக்க வேண்டும்.

சிவப்பு துடித்தும் திரை காலியா? லேப்டாப்பில் வேகத்தை 115200 என்று விட்டிருப்பீர்கள். அது யூஎஸ்பி கம்பிக்கு, ரேடியோவுக்கு 57600.

பச்சை சிமிட்டிக்கொண்டே இருந்தால் கதை வேறு. இரண்டு ரேடியோவிலும் நெட் ஐடி (இணைப்பின் அடையாள எண்), ரேடியோக்களுக்கு இடையிலான தரவு வேகம் ('ஏர் ஸ்பீட்'), அலைவரிசை எல்லை எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: 100 மில்லிவாட் ரேடியோதான். 300 மீட்டரிலேயே விட்டுப்போகிறது. திறனைக் கூட்டலாமா?

முதலில் ஆண்டெனாவைப் பாருங்கள். தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் திறன் நான்கு மடங்காக வேண்டும். 400 மில்லிவாட்டுக்குப் போவதைவிட ஆண்டெனாவைச் சரியாக நிறுத்துவது மலிவு. எந்த அலைவரிசையில் எவ்வளவு திறன் என்பதில் நாட்டுக்கு நாடு சட்டமும் வேறு.

குச்சி ஆண்டெனாவின் நுனியை ட்ரோனை நோக்கி நீட்டுவார்கள். நுனித் திசையில்தான் அதற்கு வலு மிகக் குறைவு. தரையில் செங்குத்தாக நிறுத்துங்கள். ட்ரோனில் கார்பன் தகட்டின் மறைவில் இல்லாமல் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். தரை ரேடியோவை மேசையில் வைக்காமல் 2, 3 மீட்டர் கம்பத்தில் ஏற்றுங்கள். 915 மெகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு ஆண்டெனாவையும் இணைக்கும் நேர்கோட்டின் நடுவழியில் சுற்றிலும் சுமார் 9 மீட்டர் வெளி திறந்திருக்க வேண்டும். ட்ரோன் கண்ணுக்குத் தெரிந்தும் சிக்னல் சரிவது பெரும்பாலும் அந்த வெளி அடைபடுவதால்தான்.

ஒன்று மட்டும்: ஆண்டெனா மாட்டாமல் ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். அனுப்பும் பகுதி கருகலாம்.

கேள்வி: திரையில் அடிவானக் கோடு விட்டு விட்டு நகர்கிறது.

குழாய் சிறியது, தண்ணீர் அதிகம். 57600 வேகம் என்றால் நொடிக்கு 5760 பைட். ரேடியோ இரு திசையும் மாறி மாறிப் பேசுவதால் நடைமுறையில் இன்னும் குறைவு. அடிவானக் கோட்டை நகர்த்தும் சாய்வுநிலைச் செய்தி ஒன்று 40 பைட். நொடிக்கு 10 என்றால் அதற்கே 400. எல்லாச் செய்திகளையும் 10 ஆக வைத்தால் அடைத்துக்கொள்ளும். சாய்வுநிலைக்கு 4, இருப்பிடத்துக்கு 2, மற்றவற்றுக்கு 1 போதும்.

கேள்வி: பாதையை ஏற்றும்போது பாதியில் நிற்கிறது.

தரைநிலையம் முதலில் மொத்தப் புள்ளிகளின் எண்ணிக்கையைச் சொல்லும். ட்ரோன் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும். கடைசியில் 'கிடைத்தது' என்று பதில் அனுப்பும். அந்தப் பதில் வராதவரை ஏறியதாக எண்ண வேண்டாம். ட்ரோனிலிருந்து பாதையைத் திரும்பப் படித்து, ஒப்பிட்டுவிட்டுக் கிளப்புங்கள்.

கேள்வி: 30 மீட்டர் என்று கொடுத்தும் மேட்டில் உரசப் பார்த்தது.

அந்த 30, மோட்டாரை ஆயத்தப்படுத்திய இடத்திலிருந்து. எதிரே நிலம் 25 மீட்டர் உயர்ந்தால் மிஞ்சுவது 5. உயரக் கணக்கை நிலமட்டத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் கூட்டிக் கொடுங்கள்.

கேள்வி: விபத்துக்குப் பின் எந்தப் பதிவைப் பார்ப்பது?

லேப்டாப்பில் சேரும் பதிவு இணைப்பு அறுந்த நொடியோடு முடிந்துவிடும். கன்ட்ரோலரின் எஸ்டி அட்டையில் இருப்பது அடர்த்தியானது, கடைசிவரை இருக்கும். அட்டையைக் கழற்றி நகல் எடுத்துவிட்டுத்தான் பேட்டரியை மறுபடி மாட்ட வேண்டும்.